ஏற்றமரத்தில் மட்டும் அடங்கும் கால்

அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்கள் ஆறு பேர். நான் யாருடைய நிலத்துக்கு ஏற்றம் மிதித்தேனோ அந்தப் பண்ணைக்காரர். கிணற்றில் மறுபாதிப் பங்குக்குச் சொந்தக்காரியான சைகோன் வீட்டு அக்கா. சூடமும் திருநீறும் கொண்டுவந்த அம்மன் கோயில் பூசாரி. கீழே பலகையில் நின்று சால் பிடிக்கும் என் மச்சான், அதாவது என் பெண்சாதியின் தம்பி. கூழ்ப்பானையை இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்ற என் பெண்சாதி. ஆறாவது ஆள் நான். பிற்பாடு ஊரே கூடி நின்றதாகப் பாகூர் சந்தை வரைக்கும் பேசிக்கொண்டார்கள். ஊர் கூடவில்லை. ஆறு பேர்தான். நான் எண்ணிப் பார்த்தேன். பயம் வந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம்.

நடந்ததைச் சொல்லுமுன் என் கால்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளக்கு வைக்கிற நேரமானால் முழங்காலுக்குக் கீழே, தோலுக்கும் சதைக்கும் அடியில், எலும்புக்குள் ஏதோ ஊரத் தொடங்கும். வலி என்று சொன்னால் பொய். வலியாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லலாம், நாலு பேரும் நாலு பச்சிலை சொல்வார்கள். நமைச்சல் என்றால் சொறிந்துகொள்ளலாம். இது இரண்டும் இல்லை. நீட்டினால் மடக்கச் சொல்லும், மடக்கினால் நீட்டச் சொல்லும். எழுந்து நாலு எட்டு நடந்தால் சும்மா இருக்கும். சரி போய்விட்டது என்று வந்து படுத்தால், போர்வையை இழுத்துக்கொள்வதற்குள் மறுபடியும் வந்துவிடும். இதற்கு ஒரு பெயர் தெரிந்திருந்தால்கூடப் பாதி நிம்மதியாக இருந்திருக்கும். பெயர் தெரியாத ஒன்றை எப்படி இன்னொருவரிடம் சொல்வது?

பள்ளிக்கூடத்தை விட்டதும் இதனால்தான். மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன். சம்மணம் போட்டு உட்காரச் சொன்னால் என் முழங்கால் தானாக ஆடும். வாத்தியார் பிரம்பை என் முழங்கால் மேல் வைத்துக்கொண்டே பாடம் சொல்வார். "இன்னாடா, தையல் மிஷினா மெறிக்கிற?" என்பார். பையன்கள் சிரிப்பார்கள். வீட்டிலோ, உட்கார்ந்து காலாட்டினால் லட்சுமி தங்கமாட்டாள் என்று அதற்கும் அடி. அந்த வருஷம் எங்கள் மாடு ஒன்று செத்தது. என் காலால்தான் செத்தது என்று எனக்குத் தோன்றியது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் முழுசாக அந்த நினைப்பு போகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஏருக்குப் பின்னால் நடக்கிற வேலைக்குப் போனேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதும் எழுதுவதும் பின்னால் நானே பழகிக்கொண்டது.

கல்யாணமான பிறகு கவலைகள் கூடின. கவலைக்கும் காலுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. கவலை வந்தால் காலைக் கூப்பிடும், கால் எழுந்தால் கவலையைக் கூப்பிடும். பொழுது சாய்கிறபோதே, இன்றைக்கும் வருமா என்று நினைப்பேன். நினைத்ததுமே வரும். படுத்தபின் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும்: கூரை இந்த மழைக்குத் தாங்குமா, குழந்தைக்கு இருமல் ஏன் விடவில்லை, பண்ணைக்காரர் நேற்று ஏன் அப்படிப் பார்த்தார். ஒரு கவலைக்கு ஒரு எட்டு என்று வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடப்பேன். பெண்சாதி விழித்துக்கொள்வாளோ என்று குதிகாலைத் தூக்கி நடப்பேன். அவள் அசையாமல் படுத்திருப்பாள். கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

செய்து பார்க்காதது ஒன்றும் இல்லை. கிழிந்த வேட்டியைக் கிழித்துக் கணுக்கால் முதல் முழங்கால் வரை இறுக்கிச் சுற்றினேன். கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், அப்புறம் கட்டுக்குள்ளேயே அது நெளியும். பானைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். உமியை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். ஒரு தடவை மணப்பட்டுக்கு நடந்துபோய்க் கடற்கரையில் முழங்கால் வரை ஈரமணலை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னாப்பா, நட்டு வெச்சா மொளைக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பாகூர் தர்ம வைத்தியசாலைக்கும் போனேன். அங்கே இருந்தவர் பாதத்தை அமுக்கிப் பார்த்தார், வீக்கம் இல்லை என்றார். கசப்பாக ஒரு தண்ணீர் கொடுத்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே என்றார். ஒன்றுமில்லாததற்கு இப்படி என்றால் ஏதாவது இருந்தால் என்ன ஆகும் என்று அங்கிருந்து வீடு வரைக்கும் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.

கால் அடங்குகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அது ஏற்றமரம்.

ஏற்றம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் தாங்கு கால் நட்டு, அதன்மேல் நீளமான மரம் ஒன்று தராசுபோலக் கிடக்கும். மரத்தின் நுனியில் மூங்கில் கழி, கழியின் முனையில் சால் என்கிற இறைவாளி. மேலே நிற்பவன் மரத்தின்மேல் கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கித் தண்ணீரில் முங்கும். திரும்பிப் பின்னால் நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே பலகையில் நிற்பவன் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பான். முன்னால் ஆறு எட்டு, பின்னால் ஆறு எட்டு. விடிய மூன்று நாழிகை இருக்கும்போது ஏறினால் வெயில் ஏறும்வரை அதுதான். மற்றவர்களுக்கு அது கால் ஒடிகிற வேலை. எனக்கு அந்த மூன்று நாழிகைதான் ஓய்வு. கால் தன்பாட்டுக்கு நடக்கும், உள்ளே ஊர்வது நின்றுபோகும். அது நின்றால் நெஞ்சுக்குள் ஓடுவதும் நிற்கும். கூலியும் அதில்தான் வந்தது. மரத்தைவிட்டு என்னை இறக்கிவிட்டால் என் கதி என்ன என்பதுதான் அந்த நாட்களில் என் கவலைகளில் எல்லாம் பெரியது.

தண்ணீரை எண்ணிப் பாடுவது சால் பிடிப்பவன் வேலை. என் மச்சானுக்குத் தொண்டை சரியில்லை, பத்தாவது சாலிலேயே கட்டிக்கொள்ளும். அதனால் எங்கள் ஜோடியில் நான்தான் பாடுவேன். எங்கள் கிணற்றில் இரண்டு பங்கு. கோடையில் எண்ணூறு சாலுக்குமேல் ஊறாது. பண்ணைக்காரருக்கு முதலில் நானூறு, அப்புறம் அக்காவுக்கு நானூறு. அவருக்கு மிதிக்கிறவன் நான், அக்காவுக்கு மிதிக்கிற ஆள் வேறு. நூற்றுக்கு ஒரு சாமி. முதல் நூறு பிள்ளையாருக்கு, இரண்டாவது எல்லையம்மனுக்கு, மூன்றாவது அய்யனாருக்கு, நாலாவது பெருமாளுக்கு. நூறு முடிகிறபோது அந்தச் சாமி பெயரை இழுத்துப் பாட வேண்டும். அடுத்த பங்குக்காரர் வீட்டில் படுத்தபடியே கேட்டு, இன்னும் எத்தனை பாக்கி என்று தெரிந்துகொள்வார். கல்லும் வைப்பதில்லை, முடிச்சும் போடுவதில்லை. பாட்டுத்தான் கணக்கு.

அந்தச் சித்திரையில் குழந்தைக்கு அம்மை வார்த்திருந்தது. ஏழெட்டு நாள் நான் கண்ணை மூடவே இல்லை. இரவெல்லாம் நடந்துவிட்டு அப்படியே மரத்தில் ஏறுவேன். ஏறினதும் கால் அடங்கும். கால் அடங்கினால் தூக்கம் வந்துவிடும். நடந்துகொண்டே தூங்க முடியும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கண் திறந்திருக்கும், வாய் பாடும், ஆள் இருக்கமாட்டான். கீழே மச்சான் தலை இருக்கிறது, ஒரு எட்டு தவறினால் கழி அவன்மேல் விழும் என்று தெரியும். மரத்திலிருந்து இறங்கிய பிறகு அவன் தலையை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இறக்கிவிடுவார்கள்.

ஒரு நாள் காலை நாங்கள் முடித்து இறங்குகிற நேரத்தில் அக்கா கிணற்றடிக்கு வந்தார். அவர் புருஷன் கப்பலேறிக் கடல் தாண்டிச் சைகோனுக்குப் போய்ப் பல வருஷம். எப்போதாவது பணம் வரும், அதைவிட அபூர்வமாகக் கடிதம் வரும். அக்கா தன் நிலத்தில் கத்திரி போட்டிருந்தார். கையில் வாடின செடி ஒன்றைப் பிடுங்கி எடுத்து வந்திருந்தார். பூசாரியையும் கூடவே கூட்டி வந்திருந்தார். அக்கா முன்னமே சொல்லி அனுப்பியிருந்ததில் பண்ணைக்காரரும் வந்தார்.

"நாலு நாளா அம்மனுக்கு ரெண்டு தடவ பாடறாங்க," என்றார் அக்கா. "அம்மன், மறுபடி அம்மன், அப்புறம் அய்யனாரு. ஐந்நூறு சாலு போவுது. என் பங்குக்கு முந்நூறுலயே சேறு வருது. நாலு பாத்தி போயிடுச்சு."

"சத்தம் கேட்டு கனவு கண்டிருப்ப," என்றார் பண்ணைக்காரர்.

"கனவு காணணும்னா தூங்கணும்."

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். "ஏண்டா, எத்தினி எறச்ச?"

"நானூறுதாங்க," என்றேன். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சொல்லும்போதே, நானூறுதானா என்று எனக்குள் கேட்டது. அம்மன் பெயரை இழுத்தது ஞாபகம் இருந்தது. எத்தனை தடவை என்று ஞாபகம் இல்லை. மச்சானைப் பார்த்தேன். அவன் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான், ஏற்கெனவே பிழிந்த துண்டை.

எண்ணிக்கையில் தகராறு வந்தால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் ஒரு வழக்கம் உண்டு. பாடினவன் கிணற்று மேட்டில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். பக்கத்தில் சூடம் ஏற்றுவார்கள். அது எரிந்து அணைகிற வரைக்கும் அவன் அசையக் கூடாது. அணைந்ததும் எண்ணிக்கை சரி என்று மூன்று தரம் சொன்னால் வழக்கு முடிந்தது. நடுவில் அசைந்தால் சொன்னது பொய். வேறு விசாரணை கிடையாது.

பூசாரி மடியிலிருந்து சூடத்தை எடுத்தார்.

"அவ்ளோ எதுக்கு, சின்னதா வெய்யி," என்றார் பண்ணைக்காரர். "வெயில் ஏறுது."

"பெருசாவே வைங்க," என்றார் அக்கா. "சூடத்துக்குக் காசு நான் குடுக்கறேன்."

நான் உட்கார்ந்தேன். உட்காருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். நிஜம் சொன்னாலும் பொய் சொன்னாலும் என்னால் அந்தச் சூடம் அணையும்வரை உட்கார முடியாது. வேறு யாராவது கூசாமல் பொய் சொல்லிவிட்டுக் கல்லுப்போல உட்கார்ந்து எழுந்து போவான். எனக்கு உடம்பே அப்படி அமையவில்லை.

பொழுது விடிந்த வேளையில் கால் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. ஆனால் அசையாதே என்று யாராவது சொன்னால் எந்த வேளையானாலும் வந்துவிடும். சூடம் பற்றினதும் எண்ண ஆரம்பித்தேன். இருபது வரைக்கும் ஒன்றுமில்லை. முப்பதில் வலது கணுக்காலில் ஊர்ந்தது. கட்டை விரலைப் பல்லைக் கடிப்பதுபோல இறுக்கிக்கொண்டேன். ஐம்பதில் இடது காலுக்கும் தெரிந்துவிட்டது. கிணற்றுக்குள் பார்த்தேன், தண்ணீர் அடியில் சேறு கலங்கித் தெரிந்தது. அந்தச் சேற்றைப் பார்த்தபோது அக்கா சொன்னது நிஜம் என்று புரிந்தது. எங்கள் நானூறுக்கு அவ்வளவு கலங்காது. எழுபதில் தொடை நடுங்கியது. இன்னும் சூடத்தில் பாதி இருந்தது. எழுபத்து மூன்றில் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது மட்டுமில்லை, வாய்க்கால் ஓரமாக நாலு எட்டு நடந்தும் விட்டேன்.

சூடம் மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏண்டா எழுந்த?" என்றார் பண்ணைக்காரர்.

"காலுங்க."

"காலுக்கு இன்னா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷமாக எனக்கே சொல்லத் தெரியாததை ஐந்து பேர் முன்னால் எப்படிச் சொல்வது? நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தேன். அப்போதுதான் என் பெண்சாதி கூழ்ப்பானையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அது ராத்திரில நடக்குங்க," என்றாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நடக்குது. படுத்தா காலு விடறதில்ல. கொழந்தைக்கு அம்மை வாத்ததுலேர்ந்து பொட்டுத் தூக்கம் இல்ல. மரத்துமேல தூங்கியிருக்கும். வேணும்னு பண்ணியிருக்காது."

நான் அவளைப் பார்த்தேன். "ஒனக்கு எப்டித் தெரியும்?"

"நீ குதிகால தூக்கித் தூக்கி நடக்கறது தெரியாதா எனக்கு? நான் முழிச்சிருக்கன்னு தெரிஞ்சா அதுக்கும் கவலப்படுவன்னுதான் பேசாம கெடக்கறன்."

அக்கா கையிலிருந்த செடியைக் கீழே போட்டார். "அப்போ அது நீதானா?" என்றார். "ராத்திரியில காலடிச் சத்தம் கேக்கும். எங்க வூட்டு ஆளு சைகோன்லேர்ந்து வந்துட்டாரோன்னு எத்தினி தடவ எழுந்து கதவத் தொறந்து பாத்திருக்கன் தெரியுமா, பாவி."

பூசாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். மச்சான்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "மாமா அம்மனுக்கு ரெண்டு தடவ பாடினது நெசந்தான். மொத நாளே தெரியும். பண்ணைக்காரரு சொல்லித்தான் பாடுதுன்னு நெனச்சு நானு கம்முனு இருந்துட்டன்."

பண்ணைக்காரர் வாய்க்காலைப் பார்த்தார். கடைமடை வரப்பு வரைக்கும் நாலு நாளாக ஈரம் ஏறியிருந்ததை அவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அதை யாரும் சொல்லவில்லை. அவரிடம் யார் சொல்வது?

நாலு பாத்திக் கத்திரிக்கு ஒன்பது ரூபாய் என்று பூசாரி சொன்னார். பாடினவன்தான் கொடுக்க வேண்டும் என்றார் பண்ணைக்காரர். அதோடு, "இனிமே இவன் என் மரத்துல ஏறக் கூடாது. நாளைக்கி எவன் மண்டையாவது பொளந்தா என்னைக் கேப்பானுங்க," என்றார். அதில் தப்பும் இல்லை. நான் தினமும் பயந்த அதே விஷயத்தைத்தான் சொன்னார். ஒன்பது ரூபாயைப்பற்றிக்கூட அப்போது நினைக்கவில்லை. இன்றைக்கு ராத்திரி முழுக்க நடந்துவிட்டு விடியற்காலையில் எங்கே போவது என்றுதான் நினைத்தேன்.

அக்கா கீழே போட்ட செடியை எடுத்து வரப்போரம் வீசினார். அப்புறம் பண்ணைக்காரரிடம் சொன்னார்: "ஒன்பது ரூபா இவன் எங்கேர்ந்து குடுப்பான்? என் பங்குக்கு வந்து மெறிக்கட்டும். தெனம் கூலியில ஒரு அணா கழிச்சிக்கறன். ஆனா இனிமே கெணத்துல மொத நானூறு எனக்கு. ஒத்துக்கலன்னா கொம்யூனுக்குப் போய் மேர்கிட்ட எழுதிக் குடுப்பன்." மேர் என்றால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எங்கள் கொம்யூனுக்கு, அதாவது ஊர் நிர்வாகத்துக்குத் தலைவர். பண்ணைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

"தூங்கிட்டன்னா?" என்று நான் அக்காவைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நான் முழிச்சுத்தான இருக்கன்," என்றார்.

அப்படித்தான் நடந்தது. மறுநாள் முதல் அதே மரம், அதே மூன்று நாழிகை. மச்சான் இரண்டு பங்குக்கும் சால் பிடித்தான். நான் தூங்கி வழிந்து பாட்டு தடுமாறினால் கழியை விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்வான். "மாமா, இருக்கியா?" என்று கீழேயிருந்து கேட்பான். நான் எங்காவது குழம்பினால் அக்கா தன் வாசலிலிருந்து, "ஏம்பா, அய்யனாருக்கு வெச்சத அம்மனுக்குக் குடுக்காத," என்று குரல் கொடுப்பார்.

கால் குணமாகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது குணமாகும் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருக்கலாம். விளக்கு வைத்தால் வரும். இன்றைக்கும் வருகிறது. ஆனால் ஒளிக்கிற வேலை போயிற்று. அந்த வேலைதான் காலைவிட என்னை அதிகம் களைக்க வைத்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. குதிகாலை ஊன்றி நடந்தேன். பெண்சாதியும் தூங்குகிறமாதிரி நடிப்பதை விட்டுவிட்டாள். சில நாள் எழுந்து உட்கார்ந்து, கயிறு திரிக்கிற புளிச்சைச் செடி நாரை எடுத்து என் முன்னால் போடுவாள். "நடக்கற நேரத்துல திரி, கயிறாவது மிஞ்சும்," என்பாள். கொட்டகைத் தூணில் ஒரு முனையைக் கட்டி, திரித்துக்கொண்டே பின்னால் நடப்பேன். கவலை வந்தால் அவளிடம் சொல்வேன். பாதிக்குமேல் கேட்காமல் நிஜமாகவே தூங்கிவிடுவாள். அதுவும் நல்லதுதான். மதியம் கொட்டகையில் ஒரு நாழிகை படுக்கச் சொல்லுவாள், பகல் படுக்கையில் கால் சும்மா இருக்கும்.

புதுக் கவலை ஒன்றும் வந்தது. தினம் ஒரு அணா கழிகிறது. முழுக்கக் கழிந்துவிட்டால் அக்கா என்னை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அவருடைய பழைய ஆள் கூலி குறைத்துக் கேட்டுக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்தான். கடன் தீருகிறதே என்று கவலைப்பட்டவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மழைக்காலத்தில் ஏற்றம் நின்றதும் கணக்கும் அப்படியே நிற்கும். கோடை வந்ததும் அக்கா, "எதுல விட்டோம்?" என்று என்னையே கேட்பார். நான் ஒரு அணாகூடக் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது கோடையில் சைகோனிலிருந்து ஒரு கடிதமும் கப்பல் சீட்டும் வந்தன. அக்கா தன் பங்கைப் பண்ணைக்காரருக்கே எழுதிக் கொடுத்தார். கிணறு முழுக்க அவருடையதாயிற்று. எனக்கு மரம் போயிற்று. அடுத்த வருஷம் நெட்டப்பாக்கத்தில் ஒரு கரும்பாலையில் மாட்டுக்குப் பின்னால் சுற்றிவரப் போனேன். நடக்கிற வேலைதான், ஆனால் பகல் வேலை.

புறப்படுகிற அன்று அக்காவின் பெட்டியை நான்தான் வண்டியில் ஏற்றினேன். மீதியைப்பற்றிக் கேட்டேன். கையில் அவ்வளவு இல்லை, பாதியாவது தருகிறேன் என்றேன்.

"இருக்கட்டும் தம்பி," என்றார். "அங்க நான் தூங்கினன்னா எழுதறன். அப்போ அனுப்பு."

அப்புறம் சண்டைக்காலம் வந்தது. கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. தூங்கினாரா இல்லையா என்று தெரியவில்லை. ராத்திரி நடக்கும்போது அவர் வீட்டுப் பக்கம் இப்போதும் பார்ப்பேன், கதவு பூட்டித்தான் இருக்கிறது. தர வேண்டியது இன்னும் இரண்டு ரூபாய் நாலணா.